புருக்மான்சியா பூக்க வேண்டுமா? கவட்டையைக் காப்பாற்றுங்கள்

குளிர்ப் பிரதேசத்தில் வீட்டுத் தோட்டம் போட்டிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவருடைய புருக்மான்சியா ஒவ்வொரு கோடையிலும் அடியிலிருந்து துளிர்த்து ஆள் உயரத்துக்குத் தளதளவென்று வளர்கிறது. மொட்டு மட்டும் வைப்பதில்லை. உறைபனி விழுந்ததும் மொத்தமும் கருகிப்போகிறது, அடுத்த வருடம் மறுபடி அடியிலிருந்து தொடங்குகிறது. உரம் போதவில்லையா, வெயில் போதவில்லையா, இல்லை இது பூக்கவே பூக்காத ரகமா என்பது அவருடைய கேள்வி.

மூன்றும் காரணம் இல்லை. பூப்பதற்கென்று அந்தச் செடியில் ஒரு பகுதி இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்திலும் சாவது அந்தப் பகுதிதான். வேர் தப்பித்துக்கொள்வதால் செடியே தப்பித்துவிட்ட மாதிரி தெரிகிறது. இதை விளக்கப் போனால், தாவரவியலில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கும்: ஒரு செடியின் எல்லாப் பாகங்களுக்கும் ஒரே வயது கிடையாது.

முதலில் செடியைப் பற்றிச் சுருக்கமாக. புருக்மான்சியா நம்முடைய ஊமத்தைக்கு மிக நெருங்கிய சொந்தம். தக்காளி, கத்தரி, மிளகாய், புகையிலை எல்லாம் இதே குடும்பம். ஊமத்தை ஒரு சிறு செடி. அதன் பூ நிமிர்ந்து நிற்கும், காயில் முள் இருக்கும். புருக்மான்சியாவோ கட்டை வைத்துப் பல வருடம் வாழும் சிறு மரம். பூ தலைகீழாகத் தொங்கும், காயில் முள் கிடையாது. லின்னேயஸ் 1753இல் இதையும் ஊமத்தைப் பேரினத்திலேயே சேர்த்துவிட்டார். 1805இல் பெர்சூன் தனியாகப் பிரித்து, லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியர் புருக்மான்ஸின் பெயரை வைத்தார். அதற்குப் பிறகும் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இழுத்துக்கொண்டே போன வழக்கை, 1973இல் டாம் லாக்வுட் செய்த ஆய்வுதான் தீர்த்துவைத்தது. இப்போது ஏழு இனங்கள் கணக்கில் உள்ளன. எல்லாமே தென் அமெரிக்காவைச் சேர்ந்தவை. பெரும்பாலானவை ஆண்டிஸ் மலைத்தொடர்ப் பகுதியிலும், சுவாவியோலென்ஸ் என்ற இனம் மட்டும் தென்கிழக்குப் பிரேசிலிலும் தோன்றியவை.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

விதையிலிருந்து முளைத்த புருக்மான்சியா முதலில் ஒற்றைத் தண்டாக நேரே மேலே போகும். தண்டின் உச்சியில் இருக்கும் நுனி ஆக்குத்திசு, அதாவது புதிய செல்களைப் பிறப்பித்துக்கொண்டே இருக்கும் திசு, கணுவுக்கு ஓர் இலையாக உருவாக்கிக்கொண்டே ஏறும். இந்தக் கட்டத்தில் நீங்கள் எவ்வளவு உரம் போட்டாலும் இலைதான் வரும், பூ வராது. பிறகு ஒரு நாள், பெரும்பாலும் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் உயரத்துக்குள், அந்தத் தண்டு இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். இதை வளர்ப்பவர்கள் ஆங்கில எழுத்தின் வடிவத்தை வைத்து 'ஒய்' என்பார்கள். நாம் கவட்டை என்றே சொல்வோம்.

கவட்டையில் தண்டு பிளந்துகொண்டதாகத்தான் பார்ப்பவருக்குத் தோன்றும். உண்மையில் தண்டு அங்கே முடிந்துபோகிறது. நுனி ஆக்குத்திசு இலை செய்வதை நிறுத்திவிட்டுத் தன்னையே ஒரு பூவாக மாற்றிக்கொள்கிறது. அப்படி மாறிய நுனி மறுபடி தண்டாக வளர முடியாது. அதன் செல்கள் எல்லாம் புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று செலவாகித் தீர்ந்துவிடுகின்றன. இனிமேல் உயரம் போக வேண்டுமென்றால் வேறு யாராவது அந்தப் பொறுப்பை எடுக்க வேண்டும். பூவுக்குச் சற்றுக் கீழே, இலைக்கோணங்களில் அதுவரை அடங்கிக் கிடந்த மொட்டுகள் அந்த வேலையை எடுத்துக்கொள்கின்றன. இரண்டு மொட்டுகள் இரண்டு பக்கமும் கிளம்பும். அதுதான் கவட்டை.

அந்த இரண்டு கிளைகளும் நெடுந்தூரம் போவதில்லை. சில இலைகள் விட்டதுமே அவற்றின் நுனிகளும் பூவாகி முடிந்துவிடும். அங்கே மறுபடி பக்கமொட்டு கிளம்பும், சில இலை, ஒரு பூ, மறுபடி பக்கமொட்டு. ஆகவே கவட்டைக்கு மேலே ஒரே நீளக் கிளையாக நம் கண்ணுக்குத் தெரிவது, குட்டிக் குட்டித் துண்டுகளைக் கோத்த சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் ஒரு பூவில் முடிந்திருக்கிறது. மிளகாய்ச் செடியைக் கவனித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அதன் முதல் பூ, செடி முதன்முதலாகப் பிரியும் கவட்டையில்தான் இருக்கும். தக்காளியும் இதே முறையில்தான் வளர்கிறது. குடும்பப் பழக்கம்.

கவட்டைக்கு மேலே வந்துவிட்டோமா என்பதை இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம். கீழே உள்ள இலைகளில், இலைப்பரப்பு காம்பின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் தொடங்கும். மேலே உள்ள இலைகளில் ஒரு பக்கம் சற்று மேலேயும் மறுபக்கம் சற்றுக் கீழேயும் தொடங்கி, அடிப்பகுதி கோணலாக இருக்கும். பூவே இல்லாத காலத்திலும், வெட்டிப்போட்ட ஒரு கிளையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது செடியின் எந்தப் பகுதியிலிருந்து வந்தது என்று சொல்லிவிட முடிகிறது. நல்ல லென்ஸ்கூட வேண்டாம், கண்ணே போதும். இந்த எளிமை எனக்கு ஒவ்வொரு முறையும் சந்தோஷத்தைத் தருகிறது.

பூவாக மாறச் சொல்லி நுனிக்கு உத்தரவு எங்கிருந்து போகிறது? இலையில் ஏதோ ஒரு பொருள் உண்டாகி நுனிக்குப் பயணம் செய்கிறது என்று ரஷ்யத் தாவரவியலாளர் சைலாக்கியான் 1930களிலேயே சொன்னார்; அதற்கு ஃப்ளோரிஜென் என்று பெயரும் வைத்தார். அந்தப் பொருள் ஒரு சிறிய புரதம் என்பதற்கு உறுதியான சான்று 2007இல்தான் வந்தது. புருக்மான்சியாவின் சொந்தமான தக்காளியில் இந்தப் புரதம் 'பூவாகு' என்று தள்ளுகிறது. இதே புரதக் குடும்பத்தைச் சேர்ந்த இன்னொன்று 'பொறு' என்று பிடித்து வைக்கிறது. இரண்டில் எது ஓங்குகிறது என்பதைப் பொறுத்து நுனியின் கதி முடிவாகிறது. பிடித்து வைக்கும் புரதம் பழுதடைந்த தக்காளி சீக்கிரமே வளர்ச்சியை முடித்துக்கொண்டு குட்டையாக நின்றுவிடும். இயந்திர அறுவடைக்கு ஏற்ற புதர்த் தக்காளிகள் இப்படித்தான் கிடைத்தன.

வயதின் கணக்கும் இதில் சேர்கிறது. இளஞ்செடிகளில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 156 என்ற மிகச் சிறிய மூலக்கூறு அதிகமாக இருந்து, முதிர்ச்சிக்கான மரபணுக்களை அடக்கி வைக்கிறது. செடி வளர வளர அதன் அளவு குறையும், அடக்கு முறை தளரும். பல தாவரங்களில் இதைப் பார்த்திருக்கிறார்கள்.

இங்கேதான் வயதுக் கணக்கு தலைகீழாகிறது. செடி வளர்வது நுனியில். அடித்தண்டில் இருக்கும் மொட்டுகள் செடி குழந்தையாக இருந்தபோது உருவாக்கப்பட்டவை. உருவான நிலையிலேயே அவை தூங்கிக்கொண்டிருக்கின்றன. பத்து வருட மரத்தின் அடியிலிருந்து துளிர்க்கும் கிளை, நாள்கணக்கில் பார்த்தால் மரத்தின் மிகப் பழைய இடத்திலிருந்து வருகிறது. வளர்ச்சிப் பருவத்தில் பார்த்தால் அது இன்னும் குழந்தை. போன மாதம் உச்சியில் விட்ட கிளையோ முழுக்க முதிர்ந்தது. நுனி ஆக்குத்திசுவின் செல்கள் தங்கள் பருவத்தை மறப்பதில்லை. வெட்டி எடுத்து வேறு இடத்தில் நட்டாலும் அந்த நினைவு கூடவே போகிறது. விதை மாங்கன்று காய்க்கப் பல வருடம் எடுக்கும்போது ஒட்டு மா சில வருடத்திலேயே காய்ப்பதும் இதனால்தான். காய்க்கும் மரத்தின் கிளையை ஒட்டும்போது, முதிர்ந்த பருவத்தையும் சேர்த்தே ஒட்டுகிறோம்.

இப்போது வாசகரின் செடிக்கு வருவோம். உறைபனி இரவில் திசுக்களுக்குள், செல்களுக்கு இடையே பனிப்படிகம் உண்டாகி, செல்லுக்குள் இருக்கும் நீரை வெளியே இழுத்துவிடுகிறது. புருக்மான்சியாவின் சதைப்பற்றான கிளைகள் இதைத் தாங்காது. கவட்டையும் அதற்கு மேலே உள்ள எல்லாமும் சாகும். மண்ணுக்குள் வேர் பிழைக்கும், வசந்தத்தில் அடியிலிருந்து துளிர்க்கும். ஆனால் அது குழந்தைத் துளிர். முழு உயரமும் ஏறி, புதிதாகக் கவட்டை போட்டு, பிறகுதான் மொட்டு வைக்க வேண்டும். குளிர்ப் பிரதேசத்தில் பனியில்லாத காலம் ஐந்து மாதம்கூட இருக்காது. மொட்டு வைக்கும் நேரத்தில் அடுத்த பனி வந்து நிற்கும். செடியின் அடியில் வைக்கோலையும் சருகையும் குவித்து மூடினால் வேர் பிழைக்கும், உண்மைதான். கவட்டை பிழைக்காதே!

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான், கவட்டைக்கு மேலே உள்ள கட்டையைக் குளிர்காலம் தாண்டிக் கொண்டுபோவது. தொட்டியில் வளர்த்தால் வேலை எளிது. இரவு வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே தொட்டியை உள்ளே கொண்டுபோய்விடுங்கள். இடம் போதவில்லை என்று கிளைகளை வெட்டலாம், ஆனால் கவட்டைக்கு மேலே ஒவ்வொரு கிளையிலும் ஐந்தாறு கணுவாவது நிற்க வேண்டும். அழகுக்காக ஒரே வெட்டாகக் கவட்டைக்குக் கீழே வெட்டிவிட்டால், உறைபனி செய்யும் வேலையைக் கத்தரிக்கோலால் நாமே செய்ததாகிவிடும்.

வைக்கும் அறை இருட்டாக இருந்தால் குளிர்ச்சியாகவும் இருக்க வேண்டும்: 5 முதல் 10 டிகிரி. காரணம் சுவாசம். வெளிச்சம் இல்லாத செடி சேமித்த மாவுச்சத்தைச் சாப்பிட்டுத்தான் உயிர் வாழ்கிறது. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் சுவாச வேகம் ஏறக்குறைய பாதியாகும், சேமிப்பு இரண்டு மடங்கு நாள் வரும். இருட்டான, கதகதப்பான அறையில் வைத்தால் வெளிறிய, மெலிந்த துளிர்களை விட்டு இருப்பையெல்லாம் தீர்த்துவிடும். இலைகள் கொட்டும், பயப்பட வேண்டாம். இலை இல்லாத செடி தண்ணீரை அதிகம் இழுக்காது, அதனால் மண் முழுக்கக் காயாத அளவுக்கு எப்போதாவது கொஞ்சம் ஊற்றினால் போதும். அதிகம் ஊற்றினால் வேர் அழுகும். நல்ல வெளிச்சமுள்ள அறை இருந்தால் சற்றுக் கூடுதல் வெப்பத்திலும் வைக்கலாம், இலையோடேயே இருக்கும். அப்போது சிலந்திப்பேனையும் வெள்ளை ஈயையும் அடிக்கடி தேடிப் பார்க்க வேண்டும்.

செடி தரையில் இருக்கிறதா? அப்படியானால் முதல் பனிக்கு முன்பே கவட்டைக்கு மேலிருந்து போத்து, அதாவது நடுவதற்கான கிளைத்துண்டு, வெட்டிக்கொள்ளுங்கள். கோணல் இலைதான் அடையாளம். தண்ணீரில் வைத்தாலே வேர் விடும், ஜன்னலோரம் போதும். மேல்பகுதிப் போத்து தான் பூக்கும் பருவத்தில் இருப்பதை மறப்பதில்லை என்பதால், முழங்கால் உயரத்திலேயே பூக்கக்கூடும். புதர்போலப் படர்ந்து வளரும். குடைபோல நிற்கும் மரம் வேண்டுமென்றால் கவட்டைக்குக் கீழிருந்து எடுக்க வேண்டும். ஆனால் கோடை குறுகிய இடத்தில் அந்த ஆசையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

கோடைப் பராமரிப்பில் பெரிய வித்தை எதுவும் இல்லை. கடைசி உறைபனி போனதும் சில நாள் நிழலில் பழக்கிவிட்டு வெளியே வையுங்கள். காலை வெயிலும், பிற்பகலில் கொஞ்சம் நிழலும் நல்லது. பெரிய இலைகள் நீரை வேகமாக வெளியேற்றும். வறண்டால் மொட்டு உதிரும். தொட்டி பெரிதாக இருக்கட்டும், உரத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கோடையே குளிர்ச்சியாக இருக்கும் இடங்களுக்கு சாங்குவினியா என்ற இனம் நன்றாகப் பொருந்தும். உயர்ந்த ஆண்டிஸ் மலைச்சரிவுச் செடி அது, வெப்பமான இரவுதான் அதற்கு ஆகாது. மற்ற இனங்களில் பெரும்பாலானவை மாலையானதும் மணம் வீசி, நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சிகளை அழைக்கின்றன. சாங்குவினியாவுக்கு மணமே இல்லை. அதற்குச் சிவந்த நிறம் உண்டு, வாள்போல நீண்ட அலகுள்ள ஒரு ஹம்மிங்பேர்ட் தேடி வரும். வாலை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்தப் பறவைக்கு உடம்பைவிட அலகுதான் நீளம்.

இந்தச் செடியைப் பற்றிக் கதைகள் ஏராளம். மரத்தடியில் படுத்தால் பித்துப் பிடிக்கும், வீட்டில் வைத்தால் ஆகாது என்பார்கள். இப்படிப்பட்ட பேச்சு எனக்கு எரிச்சலூட்டுகிறது, ஏனென்றால் உண்மையான ஆபத்தை அது மறைத்துவிடுகிறது. ஸ்கோபொலமின், அட்ரோபின் போன்ற ஆல்கலாய்டுகள் செடி முழுக்க இருக்கின்றன. இலை, பூ, விதை எதைத் தின்றாலும் உயிருக்கே ஆபத்து. இந்த நஞ்சு முக்கியமாக வேரில் தயாராகி மேலே போகிறது. ஊமத்தை வேரின்மேல் தக்காளியை ஒட்டியபோது தக்காளிச் செடிக்குள்ளும் நஞ்சு ஏறியதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள், வெட்டிய கையால் கண்ணைக் கசக்காதீர்கள். சாறு பட்ட கண்ணின் பாவை மட்டும் விரிந்து நிற்கும், மருத்துவர் மூளையில் கோளாறோ என்று சந்தேகிக்க நேரிடும். அதனால் மருத்துவமனைக்குப் போனால் செடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுங்கள். குழந்தைகளும் செல்லப்பிராணிகளும் எட்டும் இடத்தில் இதை வைக்கவே கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புருக்மான்சியாவின் ஏழு இனங்களையும் இயற்கையில் அழிந்துவிட்டவை என்று சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. ஆண்டிஸ் மலைமக்கள் மருந்துக்கும் சடங்குக்கும் தலைமுறை தலைமுறையாகப் போத்து நட்டுக் காத்து வந்ததாலும், உலகெங்கும் தோட்டக்காரர்கள் வளர்ப்பதாலும்தான் இவை உயிரோடு இருக்கின்றன. ஆராய்ச்சிப் பணம் நெல்லுக்கும் தக்காளிக்கும் போவது நியாயம்தான். ஆனால் அழகுச் செடி என்று ஒரு பேரினத்தையே ஒதுக்கிவைப்பது தவறு. ஒரே செடியில் குழந்தைப் பருவத்தையும் முதிர்ந்த பருவத்தையும் கண்ணால் பிரித்துப் பார்க்க முடிகிற, போத்திலேயே முளைக்கிற இதைவிட வசதியான ஆய்வுப் பொருள் எத்தனை கிடைக்கும்? தாவரவியல் பூங்காக்களும் பல்கலைக்கழகங்களும் இவற்றுக்கு ஒரு சிறு தொகை ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அதுவரை இனங்களைக் கலக்காமல் காப்பது வீட்டுத் தோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. யாருக்காவது போத்து கொடுக்கும்போது எந்த இனம், கவட்டைக்கு மேலே வெட்டியதா கீழே வெட்டியதா என்ற இரண்டையும் ஒரு சீட்டில் எழுதிக் கட்டிக் கொடுங்கள். நஞ்சு என்பதையும் அதே சீட்டில் எழுதிவிடுங்கள்.