“அதான் மாசமா இருக்கேனே, நிரோத் எதுக்கு?” – பதின்ம வயதுக் கர்ப்பிணிகளைக் குழுவாகக் கவனிப்பது பற்றி

செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகள் நாள். உசிலம்பட்டி, பேரையூர், மேலூர் என எந்தப் பக்கம் போனாலும் வரிசையில் 17, 18, 19 வயதுப் பெண்கள் ஓரிருவராவது இருப்பார்கள். கூடவே அம்மாவோ மாமியாரோ நிற்பார். எடை, பிரஷர், தடுப்பூசி, மாத்திரை எல்லாம் நாலைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். “ஏதாச்சும் கேக்கணுமா தாயி?” என்றால் தலையை ஆட்டிவிட்டு அட்டையை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மாமியார் பக்கத்தில் இருக்க, பின்னால் முப்பது பேர் காத்திருக்க, வெள்ளைப்படுவதைப் பற்றியும் கணவனோடு சேர்வதைப் பற்றியும் எந்தப் பெண்ணால் கேட்க முடியும்?

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 2019–21இன்படி தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் தாயாகியிருந்தார்கள் அல்லது கர்ப்பமாக இருந்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 5 சதவீதம். 20 வயதுக்குக் கீழே கர்ப்பம் என்றாலே அதிக ஆபத்துள்ள கர்ப்பம்தான். வலிப்பில் முடியும் உயர் ரத்த அழுத்தம், ரத்தசோகை, குறைமாதம், எடை குறைந்த குழந்தை எல்லாமே இந்த வயதில் கூடுதல். இவ்வளவும் சுகாதாரப் பணியாளர்களான நம் பதிவேடுகளில் ஏறிவிடும். பதிவேட்டில் இடமில்லாத விஷயம் பாலுறவு நலம். மாசமாகிவிட்டால் அந்தப் பேச்சுக்கே வேலையில்லை என்று வீட்டிலும் நினைக்கிறார்கள், நம்மில் பலரும் நினைக்கிறோம்.

இதற்கு ஒரு வழியை அமெரிக்கச் செவிலியர்-மருத்துவச்சி ஷாரன் ஷிண்ட்லர் ரைசிங் 1990களில் வகுத்தார். ஏறக்குறைய ஒரே மாதத்தில் பிரசவமாகப்போகும் 8 முதல் 12 பெண்களை ஒரு குழுவாகச் சேர்ப்பது; பரிசோதனை, கற்றல், பேச்சு மூன்றையும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஓடும் ஒரே கூட்டத்தில் நடத்துவது; இப்படிப் பத்துக் கூட்டம். நியூ ஹேவன், அட்லாண்டா நகரங்களில் 14 முதல் 25 வயதுப் பெண்கள் 1,047 பேரிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. தனித்தனியாகப் பார்க்கப்பட்டவர்களில் 13.8 சதவீதம் பேருக்குக் குறைமாதப் பிரசவம், குழுவில் 9.8 சதவீதம். எச்ஐவி தடுப்புப் பாடமும் சேர்த்து நடத்தப்பட்ட குழுக்களில், பிரசவமான ஆறு மாதத்துக்குள் மறுபடி கருத்தரிப்பது குறைந்தது, ஆணுறைப் பயன்பாடு கூடியது. அந்த ஊர் எண்கள் இங்கே அப்படியே வரும் என்று எதிர்பார்க்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனமும் 2016 வழிகாட்டியில், பயிற்சி பெற்ற ஆளும் வசதியும் உள்ள இடத்தில், ஆய்வோடு சேர்த்துச் செய்யலாம் என்றுதான் சொல்கிறது. ஆனால் முறை நமக்கு அந்நியமில்லை. சமுதாய வளைகாப்பில் கர்ப்பிணிகளை வரிசையாக உட்கார வைக்கத் தெரிந்த ஊருக்கு வட்டமாக உட்கார வைப்பது கஷ்டமா என்ன?

முதல் சிக்கல் எண்ணிக்கை. ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரே மாதக் கணக்கில் எட்டுப் பதின்ம வயதுப் பெண்கள் கிடைக்க மாட்டார்கள். எண்ணிக்கைக்காக 27 வயதில் மூன்றாவது பிள்ளைக்கு வந்திருக்கும் அக்காக்களை உள்ளே சேர்த்தால் கூட்டம் கெட்டுவிடும். அக்காக்கள் பேசுவார்கள், சின்னப் பெண்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்றியம் முழுவதற்கும் சேர்த்து, பேருந்து வசதியுள்ள ஒரே இடத்தில் ஐந்தாறு பேரோடு தொடங்குவது மேல். பிரசவ மாதத்தில் ஒரு மாதம் முன்பின் இருந்தால் தோஷமில்லை. நடத்தும் இரண்டு பேர் மட்டும் கடைசிவரை மாறக் கூடாது. ஒவ்வொரு மாதமும் புது முகம் வந்தால் பேச்சு பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

குழுவில் சேர்க்கும் முன் ஒவ்வொரு பெண்ணையும் தனியாகப் பார்த்துச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். 18 நிரம்பாதவள் என்றால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப் பிரிவு 19இன்படி காவல் துறைக்குத் தகவல் கொடுப்பது கட்டாயம். கல்யாணமாகியிருந்தாலும் விலக்கில்லை, 18 வயதுக்குட்பட்ட மனைவியோடு உறவும் பாலியல் வன்புணர்வே என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தகவல் தராதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கருக்கலைப்புக்காக வரும் சிறுமியும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், அவள் பெயரையும் அடையாளத்தையும் வெளியிடாமல் மருத்துவர் தகவல் தரலாம் என்பது அதே நீதிமன்றத்தின் 2022 செப்டம்பர் 29 தீர்ப்பு. 18க்குக் கீழே காப்பாளரின் எழுத்துச் சம்மதத்தோடு, 24 வாரம் வரை கருக்கலைப்புக்கு வழி உண்டு. 20 வாரம் தாண்டினால் இரண்டு மருத்துவர்கள் ஒப்ப வேண்டும். இதையெல்லாம் அவள் மனம் திறந்து பேசிய பிறகு சொன்னால் அது ஏமாற்று வேலை. முதலிலேயே சொல்லுங்கள். கூடவே இதையும் சொல்லுங்கள்: காவல் நிலையக் காகிதத்துக்காக அவளுக்கு எந்தச் சிகிச்சையும் காத்திருக்காது. போலீஸ் பயத்தில் ஏழாம் மாதம் வரை வீட்டுக்குள் மறைத்து வைக்கப்பட்ட பெண்ணுக்குத்தான் ஆபத்து அதிகம்.

போலீஸ் பயம் போக, வயதைக் கூட்டிச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும். பணம் கிடைக்காது என்றால் பதிவு எதற்கு என்று சில குடும்பங்கள் தள்ளிப்போடுகின்றன. பதிவு வேறு, பணம் வேறு என்பதைக் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டு வாசலிலேயே சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கூட்டத்தின் முதல் அரைமணி பரிசோதனைக்கு. எடையையும் பிரஷரையும் அவர்களே பார்த்து அவர்களே அட்டையில் எழுதுவார்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க வேண்டும். அளக்கும்போது பேச்சு கூடாது. இங்கே பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: கைப்பட்டையின் அளவு. வழக்கமான பெரியவர் பட்டை, மேற்கைச் சுற்றளவு 27 முதல் 34 செ.மீ. உள்ளவர்களுக்கானது. நம் பெண்களில் பலருக்கு 22, 23தான். பெரிய பட்டையைச் சுற்றினால் பிரஷர் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; உயர்வது கண்ணில் படாமலேயே போய்விடும். ஒரு இஞ்ச் டேப்பும் சிறிய பட்டை ஒன்றும் வாங்கி வையுங்கள். 140/90தான் எல்லைக்கோடு. ஆனால் மூன்றாம் மாதத்தில் 90/60 இருந்தவளுக்கு ஏழாம் மாதத்தில் 128/84 வந்தால், இன்னும் எல்லைக்குள்தானே என்று ஒரு மாதம் விடாதீர்கள். சிறுநீரில் புரதம் பாருங்கள், அடுத்த வாரமே வரச் சொல்லுங்கள். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முக வீக்கம் இருந்தால் 108தான். நீர்க்கோர்வை என்று கசாயம் வைக்கிற நேரமில்லை.

ஒருத்தி அளந்துகொண்டிருக்கும்போதே இன்னொருத்தியை அறையின் மூலையில் திரைக்குப் பின்னால் பாயில் படுக்க வைத்து வயிற்றின் உயரமும் குழந்தையின் இதயத் துடிப்பும் பார்க்க வேண்டும். ஆளுக்கு மூன்று நான்கு நிமிடம். இந்த மூலைக்கு மாமியார், அம்மா, கணவர் யாரும் வரக் கூடாது. அடி விழுகிறதா, விருப்பமில்லாமல் உறவு நடக்கிறதா, புண், எரிச்சல், வாடை உண்டா என்று கேட்க அந்த நான்கு நிமிடம்தான் கிடைக்கும். கேள்வியை எல்லோரிடமும் ஒவ்வொரு முறையும் கேட்டால் யாருக்கும் உறுத்தாது. பெரியவர்களை வெளியே அனுப்பினால் சண்டை வரும். அதே நேரத்தில் பக்கத்து அறையில் அவர்களுக்கென்று ஒரு பேச்சு வைத்துவிட்டால் சந்தோஷமாகப் போவார்கள். “பிள்ள பெருசா இருந்தா ஆஸ்பத்திரில அறுத்துருவாங்க, கொஞ்சமாத் தின்னு” என்கிற அத்தைக்கு அந்தப் பேச்சு அவசியமும்கூட.

பிறகு வட்டம். கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே அளவுத் துண்டுச் சீட்டு, ஒரே நிறப் பேனா, ஒரு பிஸ்கட் டின். கேள்வி இல்லாதவளும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிப் போட்டாக வேண்டும். அப்போதுதான் யார் எழுதினார்கள் என்பது தெரியாது. சீட்டுகளைக் கலந்து செவிலியர் வாசிப்பார். உடனே பதில் சொல்லிவிடாமல் “இதப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கீங்க?” என்று வட்டத்திடம் விட வேண்டும். செவிலியர் பத்து நிமிடம் தொடர்ந்து பேசினால் அது வகுப்பாகிவிடும். பெண்களுக்கு வகுப்பு பழகிப்போன ஒன்று, வாயை மூடிக்கொள்வார்கள்.

டின்னில் கட்டாயம் வரும் கேள்விகளில் ஒன்றுதான் தலைப்பில் இருப்பது. நிரோத், அதாவது ஆணுறை, பிள்ளையைத் தள்ளிப்போட மட்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது நாம்தான். கர்ப்பம் உறவின் வழி பரவும் தொற்றிலிருந்து காப்பாற்றாது. சிபிலிஸ் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும். கருச்சிதைவு, இறந்து பிறத்தல், பிறவி சிபிலிஸ் வரை கொண்டுபோகும். கொனோரியாவும் கிளமிடியாவும் பிரசவ வழியில் குழந்தையின் கண்ணைத் தாக்கும். பெண்களில் பெரும்பாலோருக்கு இவை அறிகுறியே காட்டாது. சிபிலிஸ், எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை முதல் வருகையிலேயே நடக்கிறது. கிளமிடியாவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனை கிடையாது. ஆகவே கணவர் வேறு எங்கும் போகிறாரா என்று துப்பறிவதைவிட, பிரசவம் வரை ஆணுறை என்பது எளிய ஏற்பாடு. உறையின் தேதியைப் பார்ப்பது, உள்ளிருப்பதை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கிழிப்பது, நுனியைக் கிள்ளிக் காற்றை எடுத்துவிட்டு உருட்டுவது, எடுக்கும்போது அடியைப் பிடித்துக்கொள்வது: மாதிரியில் ஒவ்வொருத்தியும் ஒருமுறை செய்து பார்க்கட்டும். முதல் ஐந்து நிமிடச் சிரிப்பை அடக்க வேண்டாம்.

வெள்ளைப்படுதல் எல்லாவற்றுக்கும் இங்கே ஒரே பெயர் சூடு. வெந்தயமும் இளநீரும் குடித்துவிட்டு வருவார்கள். கர்ப்பத்தில் வாடையில்லாத, அரிப்பில்லாத வெள்ளை அதிகமாகவே வரும். அதற்கு மருந்து வேண்டாம். தயிர்த் திரி போல வந்து அரித்தால் பூஞ்சை, மீன் வாடை அடித்தால் பாக்டீரியா, மஞ்சள் பச்சையாக நுரைத்தால் டிரைக்கோமோனாஸ் என்னும் ஒட்டுண்ணி என்று சந்தேகிக்கலாம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் பூஞ்சை மாத்திரை கர்ப்பத்தில் கூடாது; உள்ளே வைக்கும் மருந்தே போதும். தண்ணீராக நனைந்துகொண்டே இருந்தால் அது பனிக்குட நீராக இருக்கலாம், அன்றே வர வேண்டும். அரசு மருத்துவமனைகளில் சுகவாழ்வு மையம் பால்வினைத் தொற்றுக்கும், நம்பிக்கை மையம் எச்ஐவி பரிசோதனைக்கும் இருக்கின்றன. இரண்டுக்கும் காசு கிடையாது.

சிபிலிஸ் இருப்பது தெரிந்தால் 24 லட்சம் யூனிட் பென்சதின் பென்சிலின் ஊசி. தொற்று எப்போது வந்தது என்று தெரியாவிட்டால் வாரம் ஒன்றாக மூன்று. பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன்பே தாய்க்குச் சிகிச்சை நடந்திருந்தால்தான் குழந்தைக்கும் சேர்ந்ததாகக் கணக்கு. இதில் வழுக்கும் இடம் கணவர். உசிலம்பட்டிப் பக்கம் முறுக்கு வியாபாரத்துக்கு வெளி மாநிலம் போன கணவர் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோதான் வருவார். மனைவிக்கு ஊசி போட்டு முடித்திருப்போம், அவர் சிகிச்சை இல்லாமல் வந்து இறங்குவார், தொற்று திரும்பிவிடும். அவர் இருக்கும் ஊரின் அரசு மருத்துவமனைக்கே ஒரு சீட்டு எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், பெண் சம்மதித்தால் மட்டும். “உன் பொண்டாட்டிக்கு வியாதி” என்று அந்தச் சீட்டில் இருந்தால் அடி வாங்கப்போவது அவள்தான். இருவருக்கும் வழக்கமான பரிசோதனை என்று எழுதினாலே போதும்.

கால அட்டவணையையும் நம் வழக்கத்துக்கு ஏற்ப மாற்ற வேண்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய் வீட்டுக்குப் போய்விடுவாள். கூட்டங்கள் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக நெருங்கும் நேரத்தில் குழு கலைந்துவிடும். ஆகவே தொற்று, ஆணுறை, குடும்ப வன்முறை, அடுத்த பிள்ளைக்கான இடைவெளி நான்கையும் 28 வாரத்துக்குள் பேசி முடித்துவிட வேண்டும். பிரசவ வலி, தாய்ப்பால் பேச்சுகள் பின்னால் வரலாம். அவற்றைத் தாய் வீட்டுப் பக்கத்துச் செவிலியரும் சொல்வார். இரும்புச் சத்து மாத்திரையைக் கால்சியத்தோடு சேர்த்து விழுங்கக் கூடாது, குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும், டீயோடு கூடவே கூடாது என்பதை மட்டும் எல்லாக் கூட்டத்திலும் சொல்லலாம். சுவரொட்டியும் முருங்கைக்கீரையும் நல்லவைதான், ஆனால் ஹீமோகுளோபின் 9 இருப்பவளுக்கு மாத்திரைக்குப் பதிலாகா.

பிரசவத்துக்குப் பிந்தைய கருத்தடை முறையைப் பிரசவ அறையில் வலியோடு இருப்பவளிடம் கேட்டுக் கையெழுத்து வாங்குவது சம்மதமாகாது. ஆறாம் மாதக் கூட்டத்திலேயே எல்லா முறையையும் கையில் கொடுத்துக் காட்டி, அவள் விருப்பத்தை அட்டையில் எழுதிவிட வேண்டும். பிறகு மனம் மாறினாலும் சரி. அடுத்த கர்ப்பத்துக்கு இரண்டு வருட இடைவெளி நல்லது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர்-டியை நஞ்சுக்கொடி விழுந்த பத்து நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் போடலாம். தவறினால் ஆறு வாரம் கழித்துத்தான். சாயா மாத்திரையில் ஹார்மோன் இல்லை, பால் கொடுப்பவளும் உடனே தொடங்கலாம்: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, ஞாயிறு–புதன் மாதிரி நாள் குறித்து, பிறகு வாரம் ஒன்று. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, பால் கொடுப்பவளுக்கு ஆறு வாரத்துக்குப் பின். அந்தராவில் தீட்டு தாறுமாறாக வரும், பிறகு நின்றும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், மறுபடி முழுகாமல் இருக்கிறாளோ என்று வீடு பதறும், இரண்டாவது ஊசிக்கு அவள் வர மாட்டாள். இவை எதுவும் தொற்றைத் தடுக்காது என்பதால் ஆணுறை கூடவே இருக்கட்டும்.

தீட்டு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான் அடுத்தடுத்த வருடம் பிள்ளை பிறப்பதற்குப் பொதுவான காரணம். கருமுட்டை முதலில் வரும், தீட்டு அதற்குப் பின்னால்தான். குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தீட்டும் வராமல் இருந்தால்தான் தாய்ப்பால் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று விட்டாலும் இல்லை. எனவே கடைசிக் கூட்டத்தைப் பிரசவமான ஆறாம் வாரத்தில், குழந்தைக்கு ஆறாம் வாரத் தடுப்பூசி போடும் புதன்கிழமையில் வையுங்கள். தாய் வீட்டுக்குப் போனவளும் ஊசிக்காகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்காவது ஒரு சுகாதார நிலையத்துக்கு வந்தே தீருவாள். அவள் அட்டையில் எழுதியிருக்கும் முறையை அங்கிருக்கும் செவிலியர் படித்துவிட்டு அன்றே தொடங்கி வைக்கலாம்.