உப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்காது

திருப்பி வந்த இன்னொரு குர்தா. அடர் சிவப்புக் கைத்தறிப் பருத்தி, கழுத்திலும் கை ஓரத்திலும் வெள்ளைப் பைப்பிங், அதாவது ஓரத்தில் வைத்துத் தைக்கும் மெல்லிய துணிப்பட்டை. ஒரே சலவையில் பைப்பிங் ரோஸ் நிறமாகிவிட்டது. தொங்கும் அட்டையில் அழகான எழுத்தில், ‘முதல் சலவைக்கு முன் கல் உப்பு நீரில் ஊறவைக்கவும்’. வாங்கியவர் ஊறவைத்துத்தான் துவைத்திருக்கிறார். முப்பது, நாற்பது உருப்படி தைத்து விற்கும் சின்ன லேபிள்காரர்களே, அந்த வரியை இனி அச்சடிக்காதீர்கள்.

சாயத்தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. பருத்திக்கு இப்போது பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தை இழைப் பக்கம் தள்ளிவிடுவது உப்பு. அதோடு அதன் வேலை முடிந்தது. இழையோடு பிணைப்பது பிறகு போடும் சோடா ஆஷ் என்ற காரம். போட்ட சாயம் முழுக்கப் பிணையாது. ஒரு பங்கு தண்ணீரோடு வினைபுரிந்து செத்துப்போகும். அது இனி எந்தக் காலத்திலும் பிணையாது, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வெளியேற்றத்தான் முதலில் பச்சைத் தண்ணீரில் உப்பும் சோடாவும் போக அலசி, பிறகு ஏறக்குறைய கொதிக்கும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். எரிபொருளும் தண்ணீரும் மிச்சம் என்று சில பட்டறைகளில் சுருக்கிவிடுவது இந்தச் சோப்பிங்கைத்தான்.

வேடிக்கை இனிமேல்தான். உப்புத் தண்ணீரில் அந்தச் செத்த சாயமும் இழையை விட்டு லேசில் இறங்காது. வாளி தெளிவாக இருக்கும், ‘பார்த்தீர்களா, நின்றுவிட்டது’ என்பார்கள். அடுத்த சலவையில் உப்பு இல்லை, சோப்பு இருக்கிறது. அத்தனையும் இறங்கிப் பக்கத்தில் கிடக்கும் வெள்ளையில் ஏறும். ஆக, உப்பு செய்தது ஒரு சலவை தள்ளிப்போட்டதுதான். வினிகரும் அப்படியே: பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயத்தின் சங்கதி அது, பருத்தியில் அதற்கு வேலை கிடையாது. படிகாரம், இயற்கைச் சாயம் ஏற்றத் துணியைத் தயார்செய்யும் பொருள். தைத்து முடித்த குர்தாவை அதில் முக்கி என்ன பயன்?

சாயக்காரரிடம் ‘சாயம் போகாதே?’ என்று கேட்காதீர்கள். யாராவது ‘போகும்’ என்பார்களா? சோப்பிங் எத்தனை முறை, என்ன சூட்டில் என்று கேளுங்கள். பிறகு நீங்களே பாருங்கள். ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணி ஒரு லாட்) 10 செ.மீ. சதுரம் வெட்டி, அதே அளவு வெள்ளை மல் துணியோடு ஓரம் தைத்து, துணி சோப்புக் கரைத்த வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் அலசுங்கள். தையலைப் பிரித்துத் தனித்தனியாகக் காயவைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஈர வெள்ளைத் துணியால் பத்து முறை அழுத்தித் தேய்ப்பது இன்னொரு சோதனை. நிறையத் தைக்கப் போகிறீர்கள் என்றால் கோவையில் உள்ள ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ரா போன்ற ஆய்வகத்தில் கொடுத்துவிடுங்கள். 1 முதல் 5 வரை மதிப்பெண் வரும், 5தான் சிறந்தது. கறை படிவதில் 4க்குக் கீழே என்றால் வெள்ளையோடு சேர்க்கவே கூடாது. போன லாட் நன்றாக இருந்தது என்பது இந்த லாட்டுக்குச் சான்று ஆகாது.

அவுரி (இண்டிகோ) நீலச் சாயம் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் உரசலில் கொஞ்சம் வரும். மஞ்சள் கிழங்கின் சாயம் வெயிலில் வெளிறும், காரச் சோப்புப் பட்டால் சிவக்கும். இதை அட்டையில் எழுதுங்கள். மறைத்தால்தான் சண்டை வரும்.

அடுத்தது சுருக்கம். ‘கைத்தறி என்றால் சுருங்கத்தான் செய்யும்’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வது பதிலா? சுருங்கட்டும், வெட்டுவதற்கு முன்பே சுருங்கட்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல் நனைந்ததும் தளரும், கஞ்சியும் போய்விடும். ஒரு மீட்டர் எடுத்துப் பாவு வாக்கில் 50 செ.மீ., ஊடு (குறுக்கு) வாக்கில் 50 செ.மீ. அழியாத பேனாவால் குறித்து, மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். பாவு 47 ஆகிவிட்டால் 6 சதவீதம், 110 செ.மீ. குர்தாவில் ஆறரை செ.மீ. காலி. அகலமும் குறையும் என்பதால் லே போடுவதும் (வெட்டத் துணியை விரித்து அடுக்குவதும்) நனைத்த துணியை அளந்த பிறகுதான்.

நனைத்த பின் 2.5 மீட்டர் வேண்டுமென்றால் 2.66 மீட்டர் வாங்க வேண்டும். மீட்டர் 300 ரூபாய்த் துணியில் கூடுதல் செலவு 48 ரூபாய். ஒரு குர்தா திரும்பி வந்தால் இரண்டு பக்கக் கூரியரும் உங்கள் தலையில், தைத்த கூலியும் போச்சு. அடக்க விலையில் அந்த 48ஐயும் நனைக்கும் கூலியையும் சேர்த்து விலை வையுங்களேன்.

லைனிங், காட்டன் லேஸ், நாடா எல்லாவற்றையும் கூடவே நனையுங்கள். வெளித்துணியை நனைத்துவிட்டு லைனிங்கை விட்டால், முதல் சலவையிலேயே ஓரம் சுருட்டிக்கொள்ளும்.

ஏற்கெனவே தைத்து அடுக்கி வைத்திருக்கிறீர்களா? முழுக்க ஒரே நிறமாக இருந்தால், ரியாக்டிவ் சாயம்தான் என்று உறுதி செய்துகொண்டு, சோப்பிங் மறுபடி செய்து தரச் சொல்லுங்கள். துணி சுருங்கும், அளவுச்சீட்டை மாற்றுங்கள். பித்தான், பியூசிங் (உள்ளே ஒட்டும் விறைப்புத் துணி) சூடு தாங்குமா என்று ஒரு உருப்படியில் முதலில் பாருங்கள். வெள்ளைப் பைப்பிங் வைத்தவற்றில் பைப்பிங்கைப் பிரித்துவிட்டு அதே துணியில் வைத்துத் தையுங்கள். அதுவரை விற்பனையை நிறுத்துங்கள்.