கிளேர் வம்சத்தின் மூன்று ரிச்சர்டுகள்: ஒரு வம்சாவளியைச் சரிபார்ப்பது எப்படி?

1066-க்குப் பிறகு நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தில் வேரூன்றிய பெருங்குடும்பங்களில் ஒன்று கிளேர். அதன் பழைய ஆவணங்களில் ‘கில்பர்ட்டின் மகன் ரிச்சர்ட்’ என்று மூன்று பேர் வருகிறார்கள். முதலாமவர் 1090-ஐ ஒட்டி இறந்தவர். அடுத்தவர் அவருடைய பேரன், 1136-இல் வேல்ஸில் கொல்லப்பட்டவர். மூன்றாமவர் அயர்லாந்துக்குப் படை கொண்டுபோன ‘ஸ்ட்ராங்போ’. இரண்டாமவரின் தம்பி மகன், 1176-இல் இறந்தவர். நிலையான குடும்பப்பெயர் இல்லாத காலம் அது. பெயரை மட்டும் நம்பினால் மூவரும் ஒருவராகிவிடுவார்கள்.

அதனால் நிலத்தைப் பிடித்துக்கொண்டுதான் நகர வேண்டும். 1086-இன் டூம்ஸ்டே நிலக்கணக்கில், சர்ரே பகுதியில் ‘டன்பிரிட்ஜ் ரிச்சர்ட்’ இருக்கிறார். சஃபோக் பகுதியில் ‘கவுண்ட் கில்பர்ட்டின் மகன் ரிச்சர்ட்’. இரண்டு இடத்துச் சொத்தும் கில்பர்ட் என்ற ஒரே மகனிடம் போய்ச் சேர்வதால் இருவரும் ஒருவரே என்று உறுதியாகிறது. நார்மண்டி நிலங்களோ ரோஜர் என்ற இன்னொரு மகனுக்குப் போயின. இங்கிலாந்து ஆவணங்களோடு நிறுத்திக்கொள்பவர் ரோஜரைத் தவறவிடக்கூடும்.

அடிக்கடி நடக்கும் பிழை, சொத்துக்கு அடுத்து வந்தவரை மகன் என்றே எழுதிவிடுவது. வேல்ஸ் எல்லையில் உள்ள செப்ஸ்டோவை வைத்திருந்த கிளேர் குடும்பத்து வால்ட்டருக்குப் பிள்ளையில்லை. அது அண்ணன் மகன் கில்பர்ட்டுக்கு வந்து, பிறகு அவர் மகன் ஸ்ட்ராங்போவுக்குப் போனது.

12-ஆம் நூற்றாண்டின் தானப் பத்திரங்கள் பெரும்பாலானவற்றில் தேதி கிடையாது. சாட்சிப் பட்டியல்தான் கை கொடுக்கும். ஸ்ட்ராங்போவின் தந்தையான பெம்புரோக் பிரபு கில்பர்ட்டும் கேன்டர்பரி பேராயர் தியோபால்டும் ஒரே பத்திரத்தில் சாட்சி என்று வைத்துக்கொள்வோம். தியோபால்ட் பதவியேற்றது 1139, கில்பர்ட் இறந்தது 1148. பத்திரம் அந்த இடைவெளியில் எழுதப்பட்டது. ஆனால் மடாலயப் பதிவேட்டுப் பிரதியில் எழுத்தர் பட்டியலைச் சுருக்கி ‘மற்றும் பலர்’ என்று முடித்திருப்பார், அல்லது ‘ஜி.’ (G) என்று முதலெழுத்தோடு விட்டிருப்பார். அது கில்பர்ட்டா, ஜெஃப்ரியா? அந்த இடத்தில் ஊகித்து எழுதிய ஒரு பெயர் பல தலைமுறைகளைக் குழப்பிவிடும்.

தேதி இருந்தாலும் கவனம் தேவை. 12-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல் தொடங்கியது. ‘1216 பிப்ரவரி’ நம் கணக்கில் 1217. ஜான் மன்னரின் ஆட்சியாண்டு, அதாவது முடிசூடியதிலிருந்து எண்ணும் ஆண்டு, இன்னும் சிக்கல். அவர் முடிசூடியது இயேசு விண்ணேற்றத் திருநாளன்று. ஆட்சியாண்டும் அந்தத் திருநாளில்தான் மாறும். திருநாளோ ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

13-ஆம் நூற்றாண்டிலிருந்து இறப்புக்குப் பிந்தைய விசாரணைகள் கிடைக்கின்றன. மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், ஒவ்வொரு கவுன்டியிலும் (மாவட்டத்திலும்) உள்ளூர் ஜூரிகள் கூடி நிலம், வாரிசு, வாரிசின் வயது ஆகியவற்றைச் சொல்வார்கள். வயது ‘30-ம் அதற்கு மேலும்’ என்கிற பாணியில் இருக்கும். அதைப் பிறந்த ஆண்டாக மாற்றக் கூடாது.

பெயரிலும் ஜூரிகள் தவறுவதுண்டு. 1314-இல் பானக்பர்ன் போரில் கில்பர்ட் டி கிளேர் பிள்ளையின்றி இறந்தபோது, உடன்பிறந்த சகோதரிகள் எலினோர், மார்கரெட், எலிசபெத் மூவரும் வாரிசுகள். சில ஜூரிகள் எலிசபெத்துக்குப் பதில் இசபெல் என்றார்கள். இசபெல் தந்தையின் முதல் மனைவிக்குப் பிறந்தவர். தாய் வேறான சகோதரிக்கு ஆங்கிலச் சட்டத்தில் இந்தச் சொத்தில் உரிமை இல்லை. மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று. ஒரே கவுன்டியின் பதிவை மட்டும் பார்ப்பவர் அந்தத் தவறான பெயரை அப்படியே வம்சாவளி வரைபடத்தில் ஏற்றிவிட வாய்ப்புண்டு. எல்லாக் கவுன்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபின், சகோதரிகளுக்கிடையே 1317-இல் நடந்த சொத்துப் பங்கீட்டோடு ஒப்பிட வேண்டும். அதில் மூன்றாவது பங்கு, குடும்பத்துக்குப் பெயர் தந்த கிளேர் ஊர் உட்பட, எலிசபெத்தின் பெயரில்தான் இருக்கிறது.