பாஸ்டர்: போதகரா, மேய்ப்பரா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் பஸ் ஏறிப் புதுச்சேரி வரை வந்தால், கிறிஸ்தவ சபைகளின் பலகைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் சொல் 'பாஸ்டர்'. ஆங்கிலம் வழியாக நம்மிடம் வந்த இலத்தீன் சொல் இது. 'பாஸ்கெரே' என்றால் மேயவிடு, தீனி கொடு. அதிலிருந்து பிறந்த பாஸ்டர், ஆடு மேய்ப்பவர். பிரசங்க மேடையும் ஒலிபெருக்கியும் இந்தச் சொல்லுக்குள் கிடையாது.

தமிழில் இதற்குப் பெரும்பாலும் 'போதகர்' என்றே எழுதுகிறோம். போதிப்பவர் என்பது தவறில்லை, ஆனால் பாதிதான். பைபிளில் எபேசியர் நிருபத்தின் நான்காம் அதிகாரத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் எடுத்துப் பாருங்கள். அங்கே சொல்லப்படும் சபைப் பணிகள் ஐந்து, 'சிலரை' என்ற சொல்லோ நான்கு முறைதான் வருகிறது. கடைசியில் 'சிலரை மேய்ப்பராகவும் போதகராகவும்' என்று இரண்டும் ஒன்றாக நிற்கின்றன. கிரேக்க மூலத்திலும் இதே கட்டுதான். நாம் முதல் சொல்லைக் கழற்றிவிட்டு இரண்டாவதை மட்டும் பலகையில் எழுதிக்கொண்டோம்.

ஆகவே என் வாக்கு 'மேய்ப்பர்' என்பதற்கே. அதிலும் ஓர் இடறல் உண்டு. மேய்த்தல் என்றதும் நம் வாயில் வருவது 'கட்டி மேய்த்தல்'. "இந்த வாலிபர் குழுவைக் கட்டி மேய்க்க முடியவில்லை" என்று ஒரு சபையின் போதகர் என்னிடம் அலுத்துக்கொண்டார். ஒலிபெருக்கிப் பெட்டியின் சாவிகூட அவருடைய சட்டைப் பையில்தான் இருந்தது. பாடகர் குழு பயிற்சிக்கு வந்தால் அவர் வரும்வரை வாசலில் நிற்கும். கட்டிப்போட்ட ஆடு கயிற்றின் நீளத்துக்குத்தானே மேயும்?

அறுவடை முடிந்த வயலில் உரத்துக்காக ஆட்டுக்கிடை போடுகிறவர்களிடம் வேறு முறை இருக்கிறது. பல மந்தைகளுக்குத் தலைவராக இருப்பவர் கீதாரி. அடுத்த வயலை முன்னதாகப் பார்த்து, நிலக்காரரிடம் கூலி பேசி முடிப்பது அவர் பொறுப்பு. பகலில் ஆட்டை ஓட்டிப்போக வேறு ஆட்கள் உண்டு. இரவுக் காவலுக்கு முறை வைத்துக்கொள்வார்கள். அவரே எல்லா ஆட்டுக்கும் பின்னால் ஓடினால் அடுத்த வயலைப் பார்க்க ஆள் இருக்காது. ஞாயிறு பள்ளிக்கு ஒருவர், நோயாளிகளைச் சந்திக்க இருவர், காணிக்கைக் கணக்குக்கு வேறு இருவர் என்று பிரித்துக் கொடுத்து, சாவியையும் சேர்த்துக் கொடுப்பதுதான் ஊழியர் குழுவில் இதற்கு ஈடு. கணக்கை மட்டும் ஒருவர் கையில் விடக் கூடாது.

'ஆயர்' இன்னும் அழகான சொல். 'ஆ' என்றால் பசு. முல்லை நிலத்து மாடு மேய்ப்பவர்களின் பெயர். ஆனால் கத்தோலிக்கர்களுக்கு ஆயர் என்றால் மறைமாவட்டத் தலைவர், பங்கைக் கவனிப்பவர் பங்குத்தந்தை. சில புராட்டஸ்டன்ட் சபைகளிலோ உள்ளூர்ச் சபையைக் கவனிப்பவரே ஆயர். புதுச்சேரியில் கலப்புக் குடும்பத்துத் திருமண அழைப்பிதழில் 'ஆயர் தலைமையில்' என்று அச்சடித்தால், கத்தோலிக்க மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் மறைமாவட்டத் தலைவருக்குரிய தலைப்பாகையும் செங்கோலும் எங்கே என்று தேடுவார்கள்.