பாய்மரப் படகில் ஆசைக்குக் கொடி கட்டுகிறீர்களா?

திருப்பூரில் எங்கள் பிரிண்டிங் யூனிட்டுக்குக் கட்சிக் கொடியும் கோயில் கொடியும்தான் அதிகம் வரும். எப்போதாவது, வெளியூரில் பாய்மரப் படகு வைத்திருக்கும் நம்ம பக்கத்துக்காரர்கள் குடும்பச் சின்னம், மில் லோகோ என்று ஆசையாக ஒரு டிசைன் கொண்டுவருவார்கள். அப்படி வந்தால், அந்த நிறங்கள் கடலில் ஏதாவது சொல்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் துணி வெட்டுவோம்.

ஒருவர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு வெறும் மஞ்சள் கொடி கேட்டார். "மஞ்சத் துணிதானுங்களே, அதுல என்னங்க இருக்குது?" என்றார். கப்பல்கள் செய்தி சொல்ல ஏற்றும் சர்வதேச சைகைக் கொடிகளில் வெறும் மஞ்சள் என்றால் ஆங்கில எழுத்து 'க்யூ'. படகில் நோய் இல்லை, துறைமுகத்துக்குள் வர அனுமதி கொடுங்கள் என்று கேட்பது. பக்திக்காக ஏற்றினால் அதிகாரி வந்து நிற்பார். அகலமான சிவப்புக் கரையும் நடுவில் பெரிய சூலமும் போட்டுக் கொடுத்தோம்.

மஞ்சளாவது பரவாயில்லை. சிவப்பும் மஞ்சளும் மூலைக்கு மூலை சாய்வாகப் பிரிந்திருந்தால் ஆள் கடலில் விழுந்துவிட்டார் என்று பொருள். வெள்ளையில் சிவப்புப் பெருக்கல் குறி, உதவி வேண்டும் என்பது. நீல வெள்ளைக் கட்டம் போட்ட 'என்' கொடிக்குக் கீழே 'சி' வந்தால் அபாய அழைப்பு. இவற்றைக் கலர் பொருத்தம் பார்த்துத் தோரணமாகக் கோக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள்! விழாத் தோரணத்துக்கு எந்தச் செய்தியும் அமையாதபடி வரிசையே வகுத்து வைத்திருக்கிறார்கள். அதையும் நங்கூரமிட்டோ கரையில் கட்டியோ இருக்கும்போதுதான் ஏற்றுவது வழக்கம். கிளம்பும் முன் இறக்கிவிட வேண்டும்.

எங்கே கட்டுவது? வெளிநாட்டுக் கடலில் வலப்பக்க ஸ்ப்ரெடர் (பாய்மரத்திலிருந்து பக்கவாட்டில் நீளும் குறுக்குக் கம்பு) அந்த நாட்டுக் கொடிக்கு உரியது. உங்கள் சொந்தக் கொடியை இடப்பக்கம் கட்டிக்கொள்ளுங்கள். மூவர்ணக் கொடி இருக்கும் கம்பத்தில் வேறு கொடி சேரக் கூடாது. அதில் பெயர் அச்சடிக்கச் சொன்னாலும் செய்ய மாட்டோம்; 2002 கொடி விதிமுறை இடம் தராது.

அப்புறம் தையல். கடல் காற்றில் கொடி கம்பத்துப் பக்கம் கிழியாது, வெளி நுனிதான் படபடத்து நார்நாராகும். அந்த ஓரத்துக்கு நம்ம ஊர் ஓவர்லாக் போதாது. இரண்டாக மடித்து நான்கு வரிசை நேர்த்தையல் கேளுங்கள். பின்னல் பாலியஸ்டரில் காற்று கொஞ்சம் புகுந்து போகும், தடித்த துணியை விட அதுவே எங்கள் சிபாரிசு. கயிறு கோக்கும் துளைக்கு இரும்பு வளையம் (ஐலெட்) வேண்டாம், உப்புக்காற்றில் துருப்பிடித்துத் துணியைத் தின்றுவிடும். நுனி கிழிந்தால் அதை மட்டும் வெட்டி மடித்துத் தைத்துத் தருவோம். தேசியக் கொடிக்கு மட்டும் அந்த ரிப்பேர் கிடையாது. வெட்டினால் 3:2 அளவு மாறிவிடும், கிழிந்ததைப் பறக்கவிடவும் கூடாது. புதிதுதான் வாங்க வேண்டும்.