பாலத்தின் அடியையும் படம் எடுங்கள்

ரஷ்யாவின் கரேலியாவில், கொந்தபோகா என்ற ஊரின் ஏரிக்கரையில் 1774இல் கட்டிய மரத் தேவாலயம் ஒன்று இருந்தது. உயரம் 42 மீட்டர். 2018 ஆகஸ்ட் 10 அன்று எரிந்து போனது. இணையத்தில் தேடினால் அதன் படங்கள் நிறையவே வரும். பெரும்பாலானவை ஒரே மாதிரி: தண்ணீர், வானம், நடுவே கூரான கோபுரம். மூலையில் மரங்களை எப்படிக் கோத்தார்கள், கூரை விளிம்பை எப்படி முடித்தார்கள் என்று காட்டும் படங்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கட்டடங்களைப் படம் எடுப்பதே என் தொழில். ரஷ்யாவுக்குப் படிக்கவோ சுற்றிப் பார்க்கவோ கேமராவோடு போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: அழகான படம் கிடைத்ததும் கிளம்பிவிடாதீர்கள். பழைய கட்டடங்களைச் சீரமைப்பவர்களுக்கு உதவுவது பெரும்பாலும் அதற்கப்புறம் எடுக்கும் படங்கள்தான்.

செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வங்கிப் பாலத்தையே எடுத்துக்கொள்வோம். 1826இல் கட்டிய சிறிய நடைபாலம். நான்கு மூலைகளிலும் பொன் இறக்கையோடு சிங்கங்கள் உட்கார்ந்திருக்கும். எல்லோரும் அந்த இறக்கையைத்தான் எடுப்பார்கள். நீங்கள் வாயைப் பாருங்கள். பாலத்தைத் தாங்கும் இரும்பு அங்கேதான் நுழைகிறது. அது தொங்குபாலம் என்பதே அந்த இடத்தில்தான் புரியும். அந்த இணைப்பு, துரு, வண்ணம் உரிந்த இடம், கீழே தளத்தின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் பதிவு செய்யுங்கள். அதே ஊரில், அதே 1826இல் திறந்த எகிப்தியப் பாலம் 1905இல் குதிரைப்படை கடந்தபோது இடிந்து விழுந்தது. ஸ்ஃபிங்க்ஸ் சிலைகள் தப்பின; இப்போது அங்கே நிற்பது 1955இல் கட்டிய வேறு பாலம். பழைய பாலத்தின் தோற்றத்தை இன்று ஓவியங்களிலும் புகைப்படங்களிலும்தான் பார்க்க முடியும்.

அதே ஊரின் அரண்மனைப் பாலம் கப்பல்கள் போவதற்காக இரவில் திறக்கும் காட்சியை எடுக்க வேண்டாம் என்று சொல்லமாட்டேன். பாலத்தின் தூக்கிய இரு பாதிகளுக்கு நடுவே பீட்டர் பால் கோட்டையின் கோபுரம் தெரியும் காட்சி அருமையானது. ஜூனில் வானம் முழுதாக இருட்டாது என்பதால் சில விநாடி ஷட்டரே போதும். ஆனால் டிரைபாடைக் கரையில் கல்தரை மீது வையுங்கள். வண்டி ஓடும் இன்னொரு பாலத்தின் மேல் வைத்தால் அதிர்வு படத்தைக் கெடுத்துவிடும்.

மரத் தேவாலயங்களுக்கு மேகமூட்டம்தான் நல்ல வெளிச்சம். கரேலியாவிலேயே உள்ள கிழி தீவின் உருமாற்றத் தேவாலயத்தில் 22 குவிமாடங்கள், அவற்றின் மேல் ஆஸ்பென் மரச் செதில்கள். உச்சி வெயிலில் அவை பளபளத்து விளிம்பெல்லாம் மறைந்துவிடும். மேகம் மூடினால் ஒவ்வொரு செதிலும் தனியாகத் தெரியும். சுவர்க் கோடுகள் சாயாமல் இருக்க ஷிஃப்ட் லென்ஸ் (கேமராவைச் சாய்க்காமலே காட்சியை மேலே நகர்த்தும் லென்ஸ்) நல்லது. அது இல்லையா, சரி, தள்ளி நின்று கேமராவை மட்டமாகப் பிடித்து எடுத்து, கீழே கூடுதலாக வரும் தரையை வெட்டிவிடுங்கள். நான்கு பக்கமும் எடுங்கள். மூலையில் மரங்களைக் கோத்த இடத்தை எடுக்கும்போது அருகில் ஓர் அளவுகோல் இருக்கட்டும். அதைச் சுவரில் சாய்க்க வேண்டாம்.

ரஷ்யப் புகைப்படக்காரர் புரோகுதின்-கோர்ஸ்கி 1909 முதல் 1915 வரை ரஷ்யப் பேரரசு முழுக்க அலைந்து வண்ணத்தில் எடுத்த படங்களை இன்றும் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே மூன்று முறை அடுத்தடுத்து எடுத்ததால் ஓடும் நீரில் மட்டும் வண்ணம் பிசிறும். கட்டடங்கள் தெளிவாக நிற்கும். அவற்றின் மதிப்பில் பாதி குறிப்புகளில் இருக்கிறது. பெர்ம் அருகே காமா ஆற்றின் ரயில் பாலம் என்று எழுதி வைத்ததால்தான் இன்று அதே இடத்தில் நின்று ஒப்பிட முடிகிறது. உங்கள் கேமரா தேதியைக் குறித்துக்கொள்ளும். எந்தப் பக்கச் சுவர், எந்தத் திசை என்பதை அன்று இரவே நீங்கள்தான் எழுத வேண்டும்.

ரயில் பாலங்களுக்குக் காவல் இருக்கும், கேட்காமல் நெருங்க வேண்டாம். அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடவே கூடாது. மற்றபடி பொது இடத்திலிருந்து தெரியும் கட்டடங்களின் படங்களை வெளியிட ரஷ்யச் சட்டம் 2014 அக்டோபர் முதல் தெளிவாக இடம் தருகிறது. எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய இணையப் படக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸில் முழு அளவில், குறிப்போடு ஏற்றுங்கள்.