லேன்யா வான்: ஐரிஷ் பாடத்தில் உடைக்கு நிறம் சொல்லித் தருவது

அயர்லாந்தில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் பள்ளியின் முதல் ஆண்டான ஜூனியர் இன்ஃபன்ட்ஸ் வகுப்பிலிருந்தே ஐரிஷ் படிக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் அதற்குப் பத்துக் கருப்பொருள்களை வகுத்தது. வானிலை, உணவு, கடைக்குப் போவது என்ற வரிசையில் ‘ஏதீ’யும் ஒன்று, உடைகள் என்று பொருள். டப்ளினிலும் கார்க்கிலும் இருக்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் கணக்கு வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் உட்காருவார்கள், ஐரிஷ் நோட்டைத் திறந்ததும் எழுந்துவிடுவார்கள். எழாதவர்கள் செயலியில் ‘சிவப்பு’ என்று தேடி, ‘சட்டை’ என்று தேடி, வந்த இரண்டு சொல்லையும் சேர்த்து எழுதித் தருகிறார்கள்: ‘ஜரக் லேன்யா.’

இந்த இரண்டே சொல்லில் இரண்டு தவறு இருக்கிறது. சரியான வடிவம் ‘லேன்யா யரக்.’ வரிசை மாறியிருக்கிறது, நிறத்தின் முதல் ஒலியும் மாறியிருக்கிறது. முதல் தவறைத் திருத்துவது எளிது. இரண்டாவதைத் தப்பான நேரத்தில் சொல்லித் தந்தால் பிள்ளை மூன்றாம் வகுப்பு வரை குழம்பும்.

வரிசையை முதலில் முடித்துவிடலாம். ஐரிஷில் பொருள் முன்னால், பண்பு பின்னால். தமிழும் ஆங்கிலமும் ‘சிவப்புச் சட்டை’ என்று பண்பை முன்னே வைப்பதால், நம் வீட்டுக் குழந்தையை இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுக்கின்றன. ஆனால் ‘சட்டை என்ன கலர்?’ என்று கேட்டால் நாம் ‘சட்டை சிவப்பு’ என்றுதான் பதில் சொல்கிறோம். அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் போதும். தனித்தனிச் சொல்லாக நிறப் பட்டியலை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பட்டியலாகப் படித்த பிள்ளைதான் ‘ஜரக் லேன்யா’ என்று ஒட்டுப்போடுகிறது.

இனி முக்கியமான பகுதி. நிறச்சொல் மாறாமல் நிற்கும் வாக்கியங்களை முதலில் கொடுங்கள், மாறும் வாக்கியத்தைக் கடைசியில் கொடுங்கள்.

முதல் வாக்கியம் பள்ளியில் கேட்கும் கேள்விக்கான பதில். ‘கேன் தஹ் அதா எர் தொ லேன்யா?’ உன் சட்டை மேல் என்ன நிறம் இருக்கிறது? ‘தா தஹ் ஜரக் எர் மொ லேன்யா.’ என் சட்டை மேல் சிவப்பு நிறம் இருக்கிறது. இங்கே ‘ஜரக்’ என்பது ‘தஹ்’ என்ற சொல்லோடு, அதாவது ‘நிறம்’ என்பதோடு சேர்கிறது. ஐரிஷில் பெயர்ச்சொல் எல்லாவற்றுக்கும் ஆண்பால், பெண்பால் உண்டு. ‘தஹ்’ ஆண்பால் என்பதால் எந்த உடையைச் சொன்னாலும் நிறச்சொல் மாறாது. இரண்டாவது, ‘தா மொ லேன்யா ஜரக்’: என் சட்டை சிவப்பு. பயனிலையாக வரும்போதும் மாற்றமில்லை. பன்மையிலும் அப்படியே: ‘தா நா ப்ரோகா துவ்’, ஷூக்கள் கறுப்பு. இந்த இரண்டையும் இரண்டு வாரம் பேசிப் பழகட்டும். ஐந்து நிறம் போதும்: ஜரக் (சிவப்பு), கொரம் (நீலம்), பான் (வெள்ளை), துவ் (கறுப்பு), ப்வீ (மஞ்சள்).

இந்தக் கட்டத்தில் ஓர் எச்சரிக்கை. ‘என்’ என்ற பொருள் தரும் ‘மொ’ தனக்கு அடுத்து வரும் உடையின் முதல் ஒலியை மென்மையாக்கும். ‘கியன்சீ’ (ஸ்வெட்டர்) ‘மொ யன்சீ’ ஆகும், ‘கோத்தா’ (கோட்டு) ‘மொ ஹோத்தா’ ஆகும். மாறுவது உடை, நிறம் அல்ல. விதியாக விளக்காமல், ‘மொ யன்சீ’ என்பதை ஒரே சொல் போலப் பழக்குங்கள்.

மூன்றாவது வாக்கியம், உடுத்தியிருப்பதைச் சொல்வது. ஐரிஷில் ‘நான் ஸ்வெட்டர் போட்டிருக்கிறேன்’ என்பதை ‘ஸ்வெட்டர் என் மேல் இருக்கிறது’ என்று சொல்வார்கள்: ‘தா கியன்சீ கொரம் ஒரம்.’ கடைசிச் சொல் ‘ஒரம்’ தான் ‘என் மேல்’. பசியையும் இதே மாதிரிதான் சொல்வார்கள். பசி என் மேல் இருக்கிறது. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று சொல்லி வளர்ந்த குழந்தைக்கு இது விசித்திரமாகவே படாது. ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் ‘தா மே கியன்சீ’ என்று வரும். அது ‘நான் ஸ்வெட்டராக இருக்கிறேன்’ என்பது போன்ற உடைந்த வாக்கியம். நோட்டுகளில் அடிக்கடி தட்டுப்படுவது இதுதான்.

இதே வாக்கியத்தில் ஸ்வெட்டருக்குப் பதில் சட்டை வந்தால் ‘தா லேன்யா வான் ஒரம்.’ வெள்ளை என்பது ‘பான்’ ஆயிற்றே, ‘வான்’ எங்கிருந்து வந்தது? லேன்யா பெண்பால். பெண்பால் பெயரை ஒட்டி நேராக வரும் பண்புச்சொல்லின் முதல் மெய் மென்மையாகும். இதை ‘ஷேவ்யூ’ என்பார்கள், மென்மையாக்கல் என்று பொருள். எழுத்தில் முதல் மெய்க்கு அடுத்து ஒரு ‘ஹெச்’ சேரும். பழைய ஐரிஷ் அச்செழுத்தில் இந்த ஹெச்சுக்குப் பதிலாக எழுத்தின் தலையில் ஒரு புள்ளி வைப்பார்கள். புள்ளி வைத்தால் ஒலி மாறும் என்பதை நம் பிள்ளைகளுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே நோட்டில் மேல் வரியில் ‘தா மொ லேன்யா பான்’ என்றும் கீழ் வரியில் ‘தா லேன்யா வான் ஒரம்’ என்றும் இருக்கும். இரண்டுக்கும் ஆசிரியர் சரி போட்டிருப்பார். அகராதியில் ‘பான்’ மட்டுமே கண்ட பெற்றோர், கீழ் வரியை ரப்பரால் அழித்து ‘பான்’ ஆக்கிவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். சரியாகக் காதில் விழுந்ததைச் சரியாக எழுதிய பிள்ளையின் நம்பிக்கை அங்கேயே உடைகிறது.

ஒலிகளில் தமிழ்க் குழந்தைக்கு ஆங்கிலக் குழந்தையைவிடச் சாதகம் அதிகம். ‘தா’வின் தகரம் பல்லில் நாக்குப் படும் நம் தகரமே, ஆங்கிலேயரின் டகரம் அல்ல. பகரமும் மகரமும் மென்மையானால் வகரம் ஆகும்: பான், வான், மோர் (பெரிய), வோர். ‘ஜரக்’ ‘யரக்’ ஆகும். ‘கொரம்’ மென்மையாகும்போது ஆங்கிலத்தில் இல்லாத ஒரு தொண்டை ஒலி வரும். ‘பகல்’, ‘மகன்’ என்று இயல்பாகச் சொல்லும்போது நடுவில் வரும் ககரம் கிட்டத்தட்ட அதுவே. அந்தக் ககரத்தைச் சொல்லின் முதலில் வைக்கச் சொல்லுங்கள். ‘துவ்’ மென்மையானாலும் அதே ஒலிதான் முதலில் வரும். எழுத்தில் ரகரமும் மகரமும் ஒட்டியிருக்கும் ‘கொர்ம்’ பேச்சில் ‘கொரம்’ ஆவது, நாம் தர்மத்தைத் தருமம் என்பது போலத்தான். வட்டாரத்துக்கு வட்டாரம் ஒலி மாறும்: கறுப்பை வடக்கே ‘தூ’ என்றும் சொல்வார்கள். டியாங்லன் என்ற இணைய அகராதியில் பல சொற்களுக்கு மூன்று வட்டார உச்சரிப்பும் ஒலிப்பதிவாகவே இருக்கின்றன. பிள்ளையின் ஆசிரியர் சொல்வதற்கு நெருக்கமானதைப் பின்பற்றுங்கள்.

எந்த உடை பெண்பால்? உடுத்துபவரைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ‘கூனா’ என்ற கவுன் ஆண்பால், அப்பா போடும் லேன்யா பெண்பால். ‘கலீன்’, அதாவது பெண் பிள்ளை என்ற சொல்லே இலக்கணத்தில் ஆண்பால். பிள்ளைகள் பயன்படுத்தும் சொற்களில் பெண்பால் குறைவு என்பது நல்ல செய்தி. பத்து அட்டையில் உடைகளை வரைந்து வெட்டுங்கள். இரண்டு கயிறு, பத்து கிளிப். மேல் கயிற்றில் கியன்சீ, ப்ரீஷ்டா (பேன்ட்), கோத்தா, கூனா, ஹத்தா (தொப்பி), ஷ்கிர்த்தா (பாவாடை). கீழ்க் கயிற்றில் லேன்யா, கசோக் (ஜாக்கெட்), ஸ்காஃப், ப்ரோக் (ஷூ). நிற அட்டைகள் ஐந்து. ஒரு பக்கம் ‘பான்’, மறுபக்கம் ‘வான்’ என்பது போல ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். கீழ்க் கயிற்றில் தொங்குவதற்குப் பக்கத்தில் மாட்டும்போது அட்டையைத் திருப்ப வேண்டும். திருப்பும் அந்தக் கை அசைவுதான் விதி, பால் பற்றிய விளக்கம் பிறகு வரட்டும். நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.

தொடக்கத்தில் சாம்பல் நிறத்தை (லிய) சேர்க்காதீர்கள். லகரம், நகரம், ரகரம், உயிரெழுத்து இவற்றில் தொடங்கும் பண்புச்சொற்களின் எழுத்து மாறாது. பள்ளிச் சீருடையில் சாம்பல் அதிகம் என்று அதை முதலில் எடுத்தால், எதுவுமே மாறாது என்று பிள்ளை முடிவுகட்டிவிடும்.

நிறம் பெயரை ஒட்டி நேராக வரும் பன்மைக்கு வருவோம். ‘ப்ரோகா துவா’, கறுப்பு ஷூக்கள். உடைகளின் பன்மை பெரும்பாலும் உயிரொலியில் முடிவதால் நிறத்தின் முதல் ஒலி மாறாது, கடைசியில் ‘ஆ’ சேரும். ‘ப்வீ’ மட்டும் அப்படியே நிற்கும். இங்கே தவறு பேன்டில் வரும். ஆங்கிலத்தில் பேன்ட் பன்மை, ஐரிஷில் ப்ரீஷ்டா ஒருமை. ‘ப்ரீஷ்டா துவ்’ என்பதே சரி, ‘துவா’ அல்ல. ‘ஒரு பேன்ட்’ என்று வீட்டில் எப்படிச் சொல்கிறீர்களோ அதை நினைவுபடுத்துங்கள்.

பச்சைக்கு ‘க்ளஸ்’, ‘ஊன்யா’ என இரண்டு சொல் உண்டு. புல், இலைக்கு முதலாவது. பளிச்சென்ற சாயப் பச்சைக்கு இரண்டாவது. புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். செம்பட்டை முடிக்கு ‘ரூவ’ என்று தனிச்சொல் இருக்கிறது, அதைச் சட்டைக்குப் போடக் கூடாது.

நிறத்தோடு நின்றுவிடாமல் அளவையும் பேச வையுங்கள். ‘தா அன் கோத்தா ரோவோர் தொம்’, கோட்டு எனக்கு ரொம்பப் பெரிசு. ‘தா நா ப்ரோகா ரோவியக் தொம்’, ஷூ ரொம்பச் சின்னது. ‘ரோ’ என்ற முன்னொட்டு ‘அளவுக்கு மீறி’ என்று பொருள் தரும், அடுத்த ஒலியையும் மென்மையாக்கும். மழை ஓயாத ஊரில் காலையில் கதவடியில் சொல்ல ‘குர் ஒர்த் தொ ஹோத்தா’ (கோட்டைப் போட்டுக்கொள்), மாலையில் ‘பன் ஜீத் தொ ஹோத்தா’ (கழற்று). தினமும் இரண்டு முறை காதில் விழும் வாக்கியத்துக்கு வீட்டுப்பாடம் தேவைப்படாது.

மூன்றாவது வாக்கியத்தைத் தொடங்கி இரண்டு வாரம் ஆனதும் சோதித்துப் பாருங்கள். பயிற்சியில் சேர்த்தே சொல்லாத ஒரு ஜோடியைக் காட்டுங்கள்: மஞ்சள் ஸ்கார்ஃப். தானாக ‘ஸ்காஃப் வீ’ என்று வந்தால் விதி காதில் பதிந்துவிட்டது. ‘ஸ்காஃப் ப்வீ’ என்று வந்தால் திட்ட வேண்டாம், விளக்கவும் வேண்டாம். கீழ்க் கயிற்றில் சட்டையை மட்டும் விட்டு மற்றதைக் கழற்றுங்கள். பள்ளிக்குப் போட்டுப் போகும் வெள்ளைச் சட்டையைக் கையில் கொடுத்து, ‘லேன்யா வான்’ என்பதிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.